பேர் விழுந்த காலை

"26.11.1979, திங்கள். மூடுபனி ஒன்பது மணி வரை. மழை இல்லை. ஏழேகாலுக்குக் கேட்டடியில் ஒன்பது பேர் வாசித்தேன். சின்னம்மா போய்விட்டார்."

அந்த நாளைப் பற்றி என் நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. எழுதியிருப்பது பழுப்பும் மஞ்சளும் கலந்த, சற்றுத் தடித்த கடதாசியில். நாங்களே செய்த கடதாசி அது. இப்போதும் அதை ஜன்னலுக்கு எதிரே பிடித்தால் சில இடங்கள் அடர்ந்தும் சில இடங்கள் மெலிந்தும் திட்டுத் திட்டாகத் தெரியும். ஆலையில் அதற்கு 'மேகம்' என்று பெயர். மேகம் உள்ள தாளை விற்க முடியாது. கழித்து, திரும்பவும் கூழாக்கிவிடுவார்கள். அப்படிக் கழித்தவற்றில் பத்துப் பதினைந்து தாள்களை மேற்பார்வைக்காரரிடம் கேட்டு வாங்கி, மாதா மாதம் சின்னம்மா எனக்குக் கொண்டுவந்து தருவார். ஊசி நூலால் தைத்து நாட்குறிப்பாக்கிக்கொள்வேன்.

"ஒனக்கு எழுத மேகம் போதும்டா" என்பார்.

சின்னம்மா என் தாயின் தங்கை. நாங்கள் இருவரும் அந்தக் கடதாசி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தது 1974இல், நான் பெப்ரவரியில், அவர் ஓகஸ்டில். எனக்கு, வேலைக்கு வந்தவர்களின் வரவு எழுதும் வேலை. ஆலை பதுளை நகரத்துக்குக் கீழே, ஓயா என்கிற ஆறு திரும்புகிற இடத்தில் இருந்தது. பெரிய ஆலை என்று சொல்ல முடியாது. தேயிலை பிடிக்காத மலைச்சரிவுகளில் எல்லாம் மானாப்புல் ஆள் உயரத்துக்கு நிற்கும். அதை வெட்டிக் கட்டுக் கட்டாக லொறியில் கொண்டுவருவார்கள். நறுக்கி, சோடா போட்டு அவித்து, அடித்துக் கூழாக்கி, தண்ணீரில் பரப்பி எடுத்தால் கடதாசி. கடைகளில் சீனியும் பருப்பும் சுற்றிக் கொடுக்கிற கடதாசி.

மானாப்புல் அவியும்போது எலுமிச்சந்தோலை நசுக்கியது போல ஒரு வாசனை வரும். காலை வேளைகளில் அந்த ஆவியும் ஓயாவிலிருந்து எழும் பனியும் ஒன்றாகி, எது எது என்று பிரிக்க முடியாதபடி ஆலையைச் சுற்றி நிற்கும். கூரை முதலில் மறையும், பிறகு சுவர்கள், பிறகு நமக்கு முன்னால் நடக்கிறவர். மேலே நமுனுகுல மலையின் உச்சி மட்டும் எதன் மேலும் நிற்காமல் தனியாக இருக்கும். இன்றும் தூக்கத்தில் நான் அந்த வாசனைக்குள் நடந்துகொண்டிருக்கிறேன். யாரோ ஒருவர் எனக்கு இரண்டடி முன்னால் போகிறார். முகம் தெரிவதில்லை.

தாள் பார்க்கும் மண்டபம் தனியாக இருந்தது. அதன் வடக்குச் சுவர் முழுவதும் கண்ணாடி. ஒன்பது மேசைகள், மேசைக்கு இரண்டு பெண்கள். ஒருத்தி தாளை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துச் சொல்வாள். மற்றவள் அதை வாங்கி உரிய அடுக்கில் வைப்பாள். சொல்வதற்கு மூன்றே சொற்கள்தான்: நல்லது, ஓட்டை, மேகம். ஒன்பது மேசையிலிருந்தும் அந்தச் சொற்கள் தாழ்ந்த குரலில் வந்துகொண்டே இருக்கும். நல்லது, நல்லது, மேகம், நல்லது. மத்தியானத்துக்குப் பிறகு வரவுப் புத்தகத்தோடு அந்த மண்டபத்துக்குள் போனால் எனக்குக் கண் செருகும். தூக்கிப் பிடித்த தாள்களுக்குப் பின்னால் பெண்களின் முகங்கள் நிழலாகத் தெரியும்.

சின்னம்மாவுக்கு அந்த மண்டபத்தில் ஓர் இருக்கை கிடைத்தது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்ல வேண்டும். அவர் வீடு நமுனுகுலவின் பதுளைப் பக்கத்துச் சரிவில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றாக இருந்தது. பதினைந்து வயதிலிருந்து கொழுந்து பறித்தவர். 1972இல் ஒரு மழைநாளில் கூடையோடு சரிந்து விழுந்தார். வலது முழங்கால் அதற்குப் பிறகு சரியாக மடங்கவில்லை. ஏற்றம் ஏறினால் அன்று மாலையே வீங்கிவிடும். அதனால்தான் ஆலைக்கு வந்தார். மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றைக் கவிழ்த்து, அதன் மேல் சாக்கை மடித்துப் போட்டு, வலது காலை மேசைக்குக் கீழே நீட்டிக்கொண்டு உட்காருவார். அந்தத் தகரம் போனால் அவருக்கு மலைதான். வேறு எதுவும் இல்லை.

மேசையின் மறுபக்கத்தில் இருந்தவள் பூனாகலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண். எல்லோரும் பூனாகலைக்காரி என்றே கூப்பிடுவார்கள். 1978இல் வந்தாள், இருபத்திரண்டு வயதிருக்கும். கடவுச்சீட்டு வந்து புருஷன் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டான். அவளுக்கு வரவில்லை, கடிதமும் வரவில்லை. பதுளையில் ஒரு கடைக்குப் பின்னால், ஓர் அறையில் தாயோடும் கைக்குழந்தையோடும் இருந்தாள். இவ்வளவு இருந்தும் மண்டபத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டால் அது அவள் மேசையாகத்தான் இருக்கும்.

"அக்கா, இந்தத் தாளப் பாருங்க, நம்ம மனேஜர் ஐயா மூஞ்சி மாதிரியே ஒரு மேகம்."

"வேலயப் பாருடி. ஓட்டையப் போயி நல்லதுல வச்சிருக்க."

"ஓட்டையில்லக்கா அது. காத்து வர்றதுக்கு."

1979இல் மழைக்காலம் தொடங்கும்போதே வேலை குறைந்துவிட்டது. பதுளை கடைவீதியில் எங்கள் கடதாசியை வழக்கமாக வாங்குகிற முதலாளி ஒருவர், முஸ்லிம் பெரியவர், என்னைக் கண்டதும் கல்லாவுக்குப் பின்னாலிருந்து பளபளப்பான ஒரு பையை எடுத்து ஊதிக் காட்டினார். "பாருங்க மகன், கப்பல்ல வருது. நனையாது, கிழியாது. இனி ஒங்கட கடதாசியில ஆரு சாமான் சுத்துற?" அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். ஊதிய பை அவர் கையில் மெதுவாகச் சுருங்கியது.

நவம்பர் 23, வெள்ளிக்கிழமை, மண்டபத்துப் பெண்களை நிறுத்தி வைத்து மனேஜர் ஐயா அறிவித்தார். திங்கட்கிழமையிலிருந்து மேசைக்கு ஓர் ஆள் போதும். பட்டியல் அன்று காலை வரும். யார் இருப்பது, யார் போவது என்பதை அவர் சொல்லவில்லை. சனிக்கிழமை யாரும் அதிகம் பேசவில்லை. மேசைக்கு மேசை இரண்டிரண்டு பேர், ஒருவரையொருவர் பார்க்காமல், மூன்று சொற்களை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இனி நடந்ததை விளங்கிக்கொள்ள, 'பேர்' என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலை என்றால் ஒரு பேர். மத்தியானத்தோடு நிறுத்திவிட்டால் அரைப் பேர். விடிகிற நேரத்தில் பெரட்டுக் களத்தில் எல்லோரும் கூடி நிற்க, கணக்கப்பிள்ளை பேர் வாசிப்பார். பேர் விழுந்தவருக்கு அன்று வேலை. விழாதவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். வேலையை விட்டு நிறுத்தினால் பேர் வெட்டியாச்சு என்பார்கள். வெட்டின பேரை யாரும் வாசிப்பதில்லை. அந்த மண்டபத்தில் இருந்த பதினெட்டுப் பெண்களும் அப்படிப்பட்ட காலைகளில் வளர்ந்தவர்கள். நானும்தான். நானே அதை மறந்துபோனேன்.

திங்கட்கிழமை காலை மனேஜர் ஐயா தட்டச்சு செய்த ஒரு தாளை என் கையில் கொடுத்தார். அதில் ஒன்பது பெயர்கள் இருந்தன. தலைப்பு எதுவும் இல்லை. நிறுத்தப்படுகிறவர்கள் என்று வாயால் சொன்னார். அவருடைய தாய்மொழி சிங்களம். எங்களோடு தமிழில் பேச முயல்வார்.

"கேட்டிலே வச்சிப் படிங்க. சும்மா பேர் மட்டும் படிச்சாப் போதும். கதை வேணாம்."

தாளைப் பார்த்தேன். ஐந்தாவது பெயர் பூனாகலைக்காரியுடையது. சின்னம்மாவின் பெயர் அதில் இல்லை. எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அந்தச் சந்தோஷத்தோடுதான் ஆலை வாசல் கேட்டடிக்கு நடந்தேன்.

புல்லு நிறுக்கிற தராசுப் பலகையின் மேல் ஏறி நின்றேன். பனி இடுப்பு வரைக்கும் இருந்தது. பதினெட்டுப் பேரும் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். தலையில் முக்காடு, தோளில் சாக்கு, கால்கள் தெரியவில்லை. கொதிகலன் அப்போதுதான் ஆவி விடத் தொடங்கியிருந்தது. எலுமிச்சை வாசனை மெல்ல வந்தது. நான் முதல் பெயரை வாசித்தேன்.

"இருக்கேங்க" என்று ஒரு குரல்.

தினமும் நான் வரவு எடுக்கும்போது சொல்கிற சொல்தான். பழக்கம் என்று நினைத்தேன். இரண்டாவது பெயர். இருக்கேங்க. மூன்றாவது பெயருக்கு உரியவள் சிரித்துக்கொண்டே கேட்டைத் தாண்டி உள்ளே வந்தாள். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் இடுப்பில் படங்கு கட்டுவார்களே, அதே மாதிரி சாக்கை இடுப்பில் இறுக்கிக்கொண்டே வந்தாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நாலாவது. ஐந்தாவது.

"இருக்கேங்க! நல்லாவே இருக்கேங்க!" என்றாள் பூனாகலைக்காரி. கூட்டத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பில்தான் எனக்கு விளங்கியது. நிறுத்தியிருக்கலாம். அந்த இடத்திலேயே, பலகையின் மேல் நின்றபடி, ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆறாவது பெயர் தன்னால் வாயில் வந்தது, பிறகு ஏழாவது. என் குரலை நானே தூரத்தில் நின்று கேட்பது போல இருந்தது. பெயர் சொல்லச் சொல்லப் பனிக்குள்ளிருந்து ஒவ்வொருத்தியாக வெளிப்பட்டு உள்ளே போனாள். ஒன்பதும் முடிந்தபோது வெளியே நின்றவர்களில் ஒருத்தி முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கியிருந்தாள்.

"அழாதீங்க, அழாதீங்க. கூப்பிட்டவங்கதான்..." என்றேன்.

மனேஜர் ஐயா வெளியே வந்தார். உள்ளே போனவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பத்து நிமிடத்தில் எல்லாம் திரும்பிவிட்டது. உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்தார்கள், வெளியே நின்றவர்கள் உள்ளே போனார்கள். கேட்டில் ஒருவரையொருவர் கடந்தபோது இரு பக்கத்தாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். முதலாவதாகப் பேர் விழுந்தவள் மட்டும் என் முன்னால் வந்து நின்றாள்.

"பேரச் சொல்லிக் கூப்புட்டு வெளிய போகச் சொல்றீங்களே, இது எந்த ஊரு நாயம்ங்க?"

நான் பலகையிலிருந்து இறங்கி, வெளியே வந்தவர்களை எண்ணினேன்.

வெளியே வந்தவர்கள் எட்டுப் பேர்தான். மண்டபத்துக்குள் போய்ப் பார்த்தேன். ஐந்தாவது மேசையில் பூனாகலைக்காரி தனியாக உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தாள். அவளே தாளைத் தூக்கிப் பிடித்தாள், அவளே "நல்லது" என்றாள், அவளே எழுந்து அடுக்கில் வைத்தாள். மற்றவர்கள் முற்றத்தில் நின்றபோதே அவள் நேரே இங்கே ஓடிவந்திருந்தாள்; என்ன நடந்தது என்பது அவளுக்கு இன்னும் தெரியவில்லை. சின்னம்மாவின் தகரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா பேரு விழலண்ணே" என்றாள். கண் கலங்கியிருந்தது. "நான் என்னண்ணே செய்ய?"

சின்னம்மாவை எங்கும் காணவில்லை. காவல்காரரிடம் கேட்டேன். "அந்தக் கால் ஏலாத அம்மாவா? அப்பவே மலப்பக்கம் போயிட்டாங்களே" என்றார்.

மனேஜர் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அந்த மேசையில் இருக்கிறவள் பட்டியலில் உள்ளவள். இருக்க வேண்டியவர் தவறாக விளங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அவர் பேனாவை மூடிவிட்டு யோசித்தார்.

"மேசைக்கு ஒரு ஆள். எனக்கு அவ்வளவுதான். அந்த அம்மா வந்தா இந்தப் பொண்ணு போக வேணும். வரலைன்னா இந்தப் பொண்ணு இருக்கட்டும். நீங்களே போய்க் கேளுங்க. இன்றைக்கே."

மத்தியானம் பசறைப் பாதை பஸ்ஸில் போய் இறங்கி, தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் ஏறினேன். வழக்கமாக மாலை லொறியில் வீடு திரும்புகிற சின்னம்மா, காலையில் இந்த ஏற்றத்தை நடந்தே ஏறியிருக்கிறார் என்பதை நினைத்துக்கொண்டே ஏறினேன். பனி விலகி, வெயில் வந்து, திரும்பவும் பனி மூடியது. எந்த வளைவில் இருக்கிறேன் என்பது எனக்கே தெரியவில்லை. கீழே ஆலையின் புகை ஒரு நூல் போல நின்றது.

சின்னம்மா லயத்து வாசலில் உட்கார்ந்து, பழைய கொழுந்துக் கூடைக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார். கால் நீட்டியிருந்தது.

"வாடா. சோறு தின்னியா?"

"நீங்க ஏன் சின்னம்மா வந்தீங்க?"

"பேரு விழல, வந்துட்டேன். பேரு விழாதவளுக்குக் கேட்டடியில என்ன வேல?"

"பேரு விழுந்தவங்களுக்குத்தான் வேல போச்சு. ஒங்களுக்கு வேல இருக்கு."

அவர் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டார். "என்ன எழவு பட்டியல்டா அது. அஞ்சு வருசமாப் பேரு வாசிக்கிற, இன்னும் வாசிக்கத் தெரியல ஒனக்கு."

"மூணு மணி பஸ்ஸப் புடிக்கலாம். எந்திரிங்க."

"அவ எங்க இருக்கா?"

"மேசையில."

"எந்தப் பக்கம்?"

"ஒங்க பக்கம். தகரத்து மேல."

சின்னம்மா சிரித்தார். "அவளுக்கு அது ஒசரம் பத்தாதே. சாக்க நாலா மடிச்சுப் போடச் சொல்லு."

"சின்னம்மா."

"நான் கணக்கப்பிள்ளைக்கிட்ட சொல்லியாச்சு. நாளைக்குப் பேரு பதியுறேன்னாரு. காலையில ஒரு எடம், சாயங்காலம் ஒரு எடம்னு அலைஞ்சா ஊரு சிரிக்காதா?"

"மொழங்காலு என்னாகுறது?"

"அது என் மொழங்காலு. ஒன் பட்டியல்ல அதுவும் இருக்கா?"

அவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். குடித்தேன். திரும்பி வந்து மனேஜர் ஐயாவிடம் "வரமாட்டாராம்" என்றேன். அவர் பட்டியலில் ஒரு பெயரை வெட்டி, இன்னொரு பெயரை எழுதினார். பக்கத்தில், தானாக விலகினார் என்று குறித்தார்.

அடுத்த வாரம் பௌர்ணமிப் போயா விடுமுறை. கார்த்திகை விளக்கீடும் கூடி வந்தது. அன்று மாலை தோட்டத்துக்குப் போனேன். லயம் நெடுக, வாசலுக்கு வாசல், சிறு விளக்குகள். பனிக்குள் அவை ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி ஒரு வட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டிருந்தன. சுவரும் கூரையும் கரைந்துபோய், விளக்குகள் மட்டும் வரிசையாக மிதந்தன. சின்னம்மாவின் முழங்காலில் துணி சுற்றியிருந்தது. ஐந்து நாட்கள் மலைக்குப் போயிருக்கிறார். வீக்கம் துணிக்கு மேலும் கீழும் தெரிந்தது.

பூனாகலைக்காரி கொடுத்தனுப்பிய தாள்களை நீட்டினேன். மாதத் தாள்களை இனி அவள்தான் எனக்கு ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருந்தாள். சின்னம்மா அவற்றை வாங்கி, தன் வழக்கப்படி ஒவ்வொன்றாக விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்க்கத் தொடங்கினார். தாளின் நடுவில் சுடர் மங்கலாக, பெரிதாகத் தெரிந்தது. புல்லின் நார்கள் அதைச் சுற்றி மிதந்தன.

"மேகம்" என்றார். "மேகம். இது நல்லதுடா, இதப் போயி ஏன் கழிச்சா?"

"சின்னம்மா, தெரிஞ்சுதானே வந்தீங்க?"

அவர் அடுத்த தாளைத் தூக்கிப் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். முகம் தாளுக்குப் பின்னால் இருந்தது.

"மேகம்" என்றார், தாளை மறுபக்கம் வைத்தார்.

பிறகு நேரில் நான் அதைக் கேட்கவில்லை. பூனாகலைக்காரி 1981இல் ஆலை மூடப்படும் வரைக்கும் அந்த மேசையில் இருந்தாள். மூடின வாரத்தில் அவளாகவே என்னிடம் ஒன்று சொன்னாள். அன்று காலை தன் பேர் விழுந்ததும் அவள் "அக்கா, எனக்கு விழுந்துருச்சி" என்று சின்னம்மாவின் கையைப் பிடித்தாளாம். சின்னம்மா அவள் முதுகில் கையை வைத்து, "விழுந்துச்சுதானே, ஓடு உள்ள. போயி ஒக்காரு. யாரு கூப்புட்டாலும் எந்திரிக்காத" என்று தள்ளிவிட்டாராம். அந்தக் கடைசிச் சொல் எனக்கு வெகுநாள் தூக்கத்தைக் கெடுத்தது. சந்தோஷத்தில் சொன்னதாகவும் எடுக்கலாம். அப்படித்தான் பூனாகலைக்காரி எடுத்திருந்தாள்.

1982 மே மாதம் சின்னம்மா தன் அண்ணன் குடும்பத்தோடு பதுளை ஸ்டேசனில் ரயிலேறினார். தலைமன்னார் போய் அங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பல். ரயில் பெட்டியின் படியில் வலது காலைத் தூக்கி வைக்க நான்தான் கை கொடுத்தேன். போன பிறகு ஒரே ஒரு கடிதம் வந்தது, வேறொருவர் கையெழுத்தில். எல்லோரும் சுகம் என்றும், அங்கே பனி இல்லை என்றும் இருந்தது. நான் எழுதிக் கேட்டிருந்த அதே கேள்விக்குப் பதில் இல்லை. 1986இல் அவர் இறந்த செய்தி வந்தது.

பழைய நாட்குறிப்புகளைப் பிரதி எடுத்தபோது, அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின தாளைப் பார்த்தேன். "24.11.1979, சனி. மாலை சின்னம்மா வீடு. பட்டியல் பற்றிச் சொன்னேன்." அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. தாளின் அந்த மூலையில் மேகம் மெலிந்து, மை ஊறியிருக்கிறது. எழுத்து எதுவும் அழிந்ததாகத் தெரியவில்லை.

பட்டியல் ஒன்று வரப்போகிறது என்று மட்டும் அன்று அவரிடம் சொன்னேனா, அதில் பேர் உள்ளவர்கள்தான் போக வேண்டியவர்கள் என்றும் சொன்னேனா? சனிக்கிழமை அது எனக்கே தெரிந்திருந்ததா? மனேஜர் ஐயா எனக்கு அதைச் சொன்னது திங்கட்கிழமை காலையில் என்றுதான் நினைவு. ஆனால் வெள்ளிக்கிழமை அறிவிப்புக்குப் பிறகு அவருடைய அறையில் அரைமணி நேரம் இருந்ததாக வேறொரு குறிப்பு இருக்கிறது. என்ன பேசினோம் என்று அதில் இல்லை. சின்னம்மா தெரிந்து போனாரா, தெரியாமல் போனாரா என்பதை என்னால் இன்றுவரை உறுதிப்படுத்த முடியவில்லை. உறுதிப்படுத்தப்படாதது என்றே இங்கே குறித்து வைக்கிறேன்.